ஏறுநெற்றியும் டிஹெச்டியும்: ஆண் வழுக்கையின் ஹார்மோன் கணக்கு

முடி கொட்டுகிறது என்று உறைத்ததும் பல ஆண்கள் முதலில் போய் நிற்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வருகிறது. சரி, ஹார்மோன் பிரச்சினை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஷாம்பு, சீரம், பயோட்டின் மாத்திரை என்று ஒன்றிரண்டு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் திரும்பக் கிடைக்காதது அந்த ஒன்றிரண்டு வருடம்தான்.

ஆண் வழுக்கை ஹார்மோனால்தான் வருகிறது. ஆனால் அது வர ஹார்மோன் அளவு அதிகரிக்க வேண்டியதில்லை. வழுக்கை விழுந்தவர்கள் ரத்தத்திலும் அடர்ந்த முடி உள்ளவர்கள் ரத்தத்திலும் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். வித்தியாசம் மயிர்க்காலில் இருக்கிறது. வந்து சேரும் அதே ஹார்மோனுக்கு ஒரு மயிர்க்கால் எவ்வளவு இணங்கிப்போகிறது என்பதுதான் முழுக் கதையும். இது பிடிபட்டுவிட்டால் எந்த மருந்து ஏன் வேலை செய்கிறது, எது வீண் செலவு என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

இதை முதலில் உறுதியாகக் காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர். 1942-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் படித்தால் பளிச்சென்று இருக்கிறது. பருவமடைவதற்கு முன்பே விரைகள் நீக்கப்பட்ட, அல்லது விரைகள் வளர்ச்சி பெறாத ஆண்களுக்கு வயதான பிறகும் வழுக்கை விழவில்லை. அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி உதிர்ந்தது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்களுக்கு அதே ஹார்மோன் போயும் முடி நின்றது. ஹார்மோனை நிறுத்தியதும் உதிர்வு அதே இடத்தில் நின்றுவிட்டது, போன முடி மட்டும் திரும்பவில்லை. ஹார்மோன், பரம்பரை, கடந்துபோன காலம் மூன்றும் இந்த ஒரே ஆய்வில் தெரிந்துவிடுகின்றன. பின்னால் வந்த ஆராய்ச்சி எல்லாம் இதற்கு விளக்கவுரை என்றே சொல்வேன்.

டெஸ்டோஸ்டிரோன் எப்படி டிஹெச்டி ஆகிறது

விரைகள் நாளொன்றுக்கு சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. அதில் சிறு பங்கை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டிஹெச்டி. ரத்தத்தில் இதன் அளவு டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அளவில் குறைவு என்றாலும் பிடி கெட்டி. செல்லுக்குள் இருக்கும் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பியை டெஸ்டோஸ்டிரோனைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், லேசில் விடாது.

அந்த நொதியில் இரண்டு வகை முக்கியம். முதல் வகை பெரும்பாலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் கல்லீரலிலும் இருக்கிறது. இரண்டாம் வகை மயிர்க்காலிலும், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியிலும் இருக்கிறது. வழுக்கையில் பெரிய பங்கு இந்த இரண்டாம் வகைக்கு. இதற்குச் சாட்சி டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. பிறவியிலேயே இரண்டாம் வகை நொதி வேலை செய்யாத ஆண்களைப் பற்றி ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லியும் அவருடைய சகாக்களும் 1974-ல் எழுதினார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தது, தசையும் குரலும் ஆணுக்குரியபடி வளர்ந்தன. ஆனால் ப்ராஸ்டேட் சிறியது, தாடி குறைவு, நெற்றி ஏறவே இல்லை. டெஸ்டோஸ்டிரோனைத் தொடாமல் டிஹெச்டியை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்று இயற்கையே செய்து காட்டிய சோதனை இது. ஃபினாஸ்டிரைடு என்ற மருந்துக்கு வழி திறந்ததும் இதுதான்.

ரத்தப் பரிசோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கேயே விளங்கும். மாற்றம் நடப்பது மயிர்க்காலுக்குள்ளேயே. எவ்வளவு நொதி, எவ்வளவு ஏற்பி என்பதை ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. கையில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அது தெரியாது.

ஒரே ஹார்மோன், இடத்துக்கு ஒரு பலன்

தாடியை வளர்ப்பது இந்த ஆண்ட்ரோஜன்தான், உச்சந்தலையைக் காலி செய்வதும் இதேதான். இதைக் கேட்டதும் பலர் நம்புவதில்லை. மயிர்க்காலின் அடியில் பேப்பில்லா என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அந்த முடி எவ்வளவு தடிமனாக, எவ்வளவு காலம் வளர வேண்டும் என்ற உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. தாடியின் பேப்பில்லா டிஹெச்டி வந்தால் வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அனுப்புகிறது. வழுக்கைக்கு ஆளாகும் உச்சந்தலையின் பேப்பில்லா அதே டிஹெச்டிக்கு டிஜிஎஃப்-பீட்டா, டிகேகே-1 போன்ற, வளர்ச்சியை நிறுத்தும் புரதங்களை வெளியிடுகிறது. பிடரியில் இருப்பதோ டிஹெச்டிக்கு அசைந்துகொடுப்பதில்லை. அதனால்தான் எவ்வளவு முற்றிய வழுக்கையிலும் காதுக்கு மேலே சுற்றிவந்து பிடரி வரை ஒரு வளையம் நிற்கிறது.

நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடி ஆதாரம். பிடரியிலிருந்து எடுத்து வழுக்கைப் பகுதியில் நட்ட முடி, அங்கே போன பிறகும் பிடரி முடியாகவே வளர்ந்தது. மண் மாறியும் குணம் மாறவில்லை. தலைத்தோலில் ரத்த ஓட்டம் இல்லாததால்தான் வழுக்கை என்று சொல்லி மசாஜ் கருவி விற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அதே தோலில், அதே ரத்தத்தில் நட்ட முடி மட்டும் எப்படிச் செழிக்கிறது?

முடி சுருங்குவது

தலையில் சுமார் 1,00,000 மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் அடங்கும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுத்து முடியை உதிர்க்கும். மீண்டும் முளைக்கும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இந்தச் சுழற்சியின் இயல்பு. டிஹெச்டி வெட்டுவது வளரும் காலத்தை. மாதம் சுமார் 1 செ.மீ. வளரும் முடிக்கு 5 வருடம் கிடைத்தால் 60 செ.மீ. வரை போகலாம். ஆறு மாதம்தான் கிடைத்தால் 6 செ.மீ.யோடு சரி. ஒவ்வொரு சுற்றிலும் காலமும் குறைகிறது, பேப்பில்லாவும் சிறுக்கிறது, அதற்கேற்ப முடியும் மெலிகிறது. கடைசியில் நிறமில்லாத பூனைமுடி மட்டும் மிஞ்சும்.

ஆக, ஆண் வழுக்கையில் முடி ‘கொட்டிப்போய்விடுவதில்லை’. ஒவ்வொரு முறையும் மெலிந்து திரும்பி வருகிறது. பலருக்குக் கொட்டும் எண்ணிக்கை கூடுவதே இல்லை, ஆனாலும் உச்சி தெரிகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தலை துவட்டிய துண்டிலும் சீப்பிலும் உள்ள முடிகளைச் சேர்த்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். நீளமாய், தடிமனாய், அடியில் வெள்ளைக் குமிழோடு இருப்பவை இயல்பாக ஓய்வு முடிந்து விழுந்தவை. குமிழைப் பார்த்து வேரோடு வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது இரண்டு மூன்று செ.மீ. நீளமே உள்ள மெல்லிய முடிகளைப் பார்த்து. அவற்றின் நுனியை உற்றுப் பாருங்கள். கத்தரி பட்ட நுனி மழுங்கலாக இருக்கும். நுனி ஊசிபோலக் கூர்ந்திருந்தால் அந்த முடி ஒருமுறைகூட வெட்டப்படவே இல்லை என்று பொருள். முளைத்து இரண்டு மூன்று மாதத்திலேயே ஓய்வுக்குப் போய் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்டவை நிறைய இருந்தால், அதுவும் முன்நெற்றி அல்லது சுழிப் பக்கத்திலிருந்து வந்தவையானால், டிஹெச்டி வேலையைத் தொடங்கிவிட்டது. தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்ப்பதும் இதையேதான்: ஒரே சதுர சென்டிமீட்டரில் தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்திருக்கிறதா என்று.

பரம்பரை விஷயத்தில் ‘தாய்வழித் தாத்தாவைப் பார்’ என்பார்கள். பாதி உண்மை. ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதை ஆண் தாயிடமிருந்துதான் பெறுகிறான். ஆனால் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் இன்னும் பல, அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அப்பாவுக்கு வழுக்கை என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

எது கூட்டும், எதற்குச் சம்பந்தமில்லை

சுயஇன்பத்தால் முடி கொட்டும் என்பது பொய். வழுக்கை உள்ளவனுக்கு ஆண்மை அதிகம் என்பதும் பொய். இரண்டுமே ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடினால் வழுக்கை என்ற தப்புக் கணக்கில் பிறந்தவை. ஹெல்மெட்டும் டிஹெச்டியைத் தொடாது.

உண்மையிலேயே கூட்டுவது வெளியிலிருந்து போடும் ஹார்மோன். பரம்பரைச் சாய்வு உள்ள ஒருவர் உடற்பயிற்சிக்காக அனபாலிக் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால், பத்து வருடத்தில் நடக்கவேண்டியது ஓரிரு வருடத்தில் நடக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவதும் இதில்தான். ஸ்டானசோலால் போன்றவை ஏற்கெனவே டிஹெச்டியின் வார்ப்பில் செய்யப்பட்டவை. அவற்றுக்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் தேவையே இல்லை, நேராகப் போய் ஏற்பியில் உட்காரும். கூடவே ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டால் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

உடற்பயிற்சி செய்பவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் என்ற துணை உணவைப் பற்றிய பயம் 2009-ல் வந்த ஒரே ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் 20 ரக்பி வீரர்கள், மூன்று வாரம். டிஹெச்டி கூடியதாகக் காட்டினார்கள், ஆனால் முடியை யாரும் எண்ணவில்லை. அதை வைத்துக்கொண்டு கிரியேட்டினால் வழுக்கை என்று தீர்ப்பு எழுத முடியாது.

வேறு ஹார்மோன்களும் முடியைக் கொட்டவைக்கும், ஆனால் அது வேறு நோய். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீர் எடைக்குறைவு ஆகியவற்றுக்குப் பிறகும் தலை முழுவதும் ஒரே சீராகக் கொட்டும். சம்பவம் நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும், காரணம் நீங்கினால் தானாக மீளும். வட்டவட்டமாக வழவழவென்று போனால் அது புழுவெட்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. இரண்டிலும் டிஹெச்டிக்குப் பங்கில்லை. நெற்றியோரமும் சுழியும் மட்டும் மெலிந்து பிடரி அடர்த்தியாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு வீண். தலை முழுக்கக் கொட்டினால் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்புக்கு), ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்கலாம். பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு உட்படச் சில பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவைக்கும்.

மருந்து எங்கே கை வைக்கிறது

ஃபினாஸ்டிரைடு இரண்டாம் வகை நொதியை அடைக்கிறது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக 1992-லும், வழுக்கைக்கு 1 மில்லிகிராமாக 1997-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு 1 மில்லிகிராம் சாப்பிட்டால் ரத்தத்தில் டிஹெச்டி 70 சதவீதம் வரை இறங்கும், தலைத்தோலில் 60 சதவீதம் போல. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை. 0.2 மில்லிகிராமிலேயே தலைத்தோலின் டிஹெச்டி பாதிக்கும் மேல் குறைகிறது, 5 மில்லிகிராமுக்குப் போனாலும் சில சதவீதம்தான் கூடுகிறது. எனவே வேகமாகப் பலன் வரட்டும் என்று மாத்திரையைக் கூட்டுவதில் லாபம் இல்லை.

பலனுக்குக் காலம் வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எதுவும் தெரியாது, சிலருக்குக் கொட்டுவது கூடும். உதிர்வு நின்றதா என்று ஆறு மாதத்தில் சொல்லலாம், அடர்த்தி கூடியதா என்று ஒரு வருடத்தில். 2 வருட ஆய்வுகளில் மருந்து சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்தினருக்கு உச்சந்தலையின் முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அப்படி நின்றது 28 சதவீதத்தினருக்குத்தான். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிடும். மருந்து ஹார்மோனைத் தடுத்து வைத்திருந்ததே தவிர மயிர்க்காலின் குணத்தை மாற்றவில்லை. மூன்று மாதம் சாப்பிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பக்கவிளைவை மறைக்கவும் கூடாது, ஊதவும் கூடாது. 1 மில்லிகிராம் ஆய்வுகளில் ஆசை குறைந்ததாகச் சொன்னவர்கள் 1.8 சதவீதம், போலி மாத்திரையில் 1.3 சதவீதம். விறைப்புக் குறைவு 1.3-க்கு 0.7. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும், நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளன. 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டிரைடின் பக்கவிளைவாக உறுதிசெய்தது. மனநிலை சரிகிறது என்று தோன்றினால் அடுத்த மாத்திரையை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். மனச்சோர்வு முன்பே இருந்தவர்கள் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாற்றப்படாமல் மிஞ்சும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாகப் போவதால் மார்பில் கட்டியோ வலியோ சிலருக்கு வரலாம், அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

யாரும் சொல்லாமல் விடும் சில விஷயங்கள். ப்ராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை ஃபினாஸ்டிரைடு பாதியாகக் குறைத்துக் காட்டும். ப்ராஸ்டேட் பரிசோதனைக்குப் போகும்போது சொல்லாவிட்டால் புற்றுநோய் அறிகுறி நார்மல் எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர டிஹெச்டி தேவை. ரத்ததானத்துக்கும் இதே காரணம்: நிறுத்தி 1 மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம். குழந்தைக்கு முயல்பவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தால் மருத்துவர் சில மாதம் நிறுத்தச் சொல்வார்.

டூட்டாஸ்டிரைடு இரண்டு வகை நொதியையும் அடைக்கிறது. 0.5 மில்லிகிராமில் ரத்த டிஹெச்டி 90 சதவீதத்துக்கும் மேல் இறங்கும். பலன் கொஞ்சம் கூடுதல். ஆனால் உடம்பில் பாதி அளவு கழியவே சுமார் 5 வாரம் ஆகும், பக்கவிளைவு வந்தால் சீக்கிரம் விலகாது. ரத்ததானத்துக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். என் பார்வையில் இது முதல் மருந்து அல்ல. ஃபினாஸ்டிரைடை ஒரு வருடம் முறையாகச் சாப்பிட்டும் முடி போய்க்கொண்டே இருந்தால் அப்போது மருத்துவரிடம் பேசவேண்டியது.

மினாக்ஸிடிலுக்கு ஹார்மோனோடு தொடர்பே இல்லை. ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்கு வந்தது. வளரும் காலத்தை நீட்டுகிறது, டிஹெச்டியைத் தடுப்பதில்லை. தனியாகப் போட்டால் ஒரு பக்கம் முடி வளரும், மறுபக்கம் டிஹெச்டி அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். 5 சதவீத லோஷன் 1 மி.லி. வீதம் காலையும் இரவும். தலை உலர்ந்திருக்க வேண்டும். முடியை வகிடு பிரித்துத் தோலில் படும்படி விடுங்கள், முடியில் தடவினால் முடியோடு நின்றுவிடும். நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். அரிப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் லோஷனில் உள்ள ப்ரோப்பிலீன் கிளைக்கால், அது இல்லாத நுரைக்கு மாறலாம். இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் திடீரென்று நிறையக் கொட்டும். ஓய்விலிருந்த முடிகளைப் புதிய முடி தள்ளுவதால் வருவது அது, அப்போது நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. மினாக்ஸிடிலைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி அவர்கள் மயிர்க்காலில் குறைவு. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தலையணையில் ஒட்டியதைப் பூனை நக்கினாலே உயிருக்கு ஆபத்து.

பலனைக் கண்ணாடி முன் நின்று தினமும் பார்த்தால் ஒன்றும் புரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே விளக்கின் கீழ், தலை காய்ந்தபின், ஒரே நீளத்துக்கு முடி வெட்டிய வாரத்தில், நெற்றி, இரண்டு பொட்டு, உச்சி என்று நான்கு படம் எடுத்து வையுங்கள். ஈரத்தலைப் படத்தையும் காய்ந்த தலைப் படத்தையும் ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் அதிகம்.

முடி நடுவதைப் பற்றி ஒன்று. நட்ட முடி பிடரி முடி என்பதால் நிற்கும். அதைச் சுற்றியிருக்கும் சொந்த முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 23, 24 வயதில் நெற்றியை மட்டும் நட்டுக்கொண்டு மருந்து எடுக்காமல் விட்டால், சில வருடத்தில் முன்னால் நட்ட வரிசை ஒரு கரைபோல நிற்கும், அதன் பின்னால் வெறும் தோல் திறந்துகொள்ளும். மறுபடி நடலாம் என்றால் பிடரியில் எடுக்கக்கூடிய முடி அளவானது, எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. முதலில் குறைந்தது ஒரு வருடம் மருந்தால் உதிர்வை நிறுத்திப் பார்த்துவிட்டு, எங்கே எவ்வளவு நட வேண்டும் என்று அப்புறம் கணக்குப் போடச் சொல்லும் மருத்துவரிடம் போங்கள்.